ரயில் வராத ஊரில் ஒரு ரயில் பெட்டி!

கும்பகோணத்தில் நீடாமங்கலம் ரூட் பஸ் ஏறினால், வயலும் வாய்க்காலுமாகக் கொஞ்ச தூரத்திலேயே வலங்கைமான் வந்துவிடும். குடமுருட்டி ஆறு, பாடைக் காவடிக்குப் பேர்போன மாரியம்மன் கோயில், வெடிக் கடைகள்னு எல்லாம் உண்டு. ரயில்வே ஸ்டேஷன் மட்டும் கிடையாது. ஆனா, கையாலேயே ஒரு குட்டி ரயில் பெட்டி செய்ய இதைவிடத் தோதான ஊர் ஏது பாஸ்?

எப்படிங்கறீங்களா? அதே ரோட்டில் தெற்கே போனா, நீடாமங்கலம் ஜங்ஷன். 1861-ல் வந்த நாகப்பட்டினம் - தஞ்சாவூர் பாதை இது. முதலில் பிராட்கேஜ், 1870-களில் மீட்டர்கேஜ், இப்போ மறுபடியும் பிராட்கேஜ்! அங்கே கேட்டில் பஸ் நின்னா சலிச்சுக்காதீங்க. நோட்டை எடுத்து, நீலப் பெட்டியில் ஜன்னல் எத்தனை, கதவு எங்கேனு குறிச்சுக்கங்க. தண்டவாளத்தில் இறங்குற வீரமெல்லாம் வேணாம்!

இனி கணக்கு. உலகம் முழுக்கப் பிரபலமான ஸ்கேல் 1:87. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். 87-ஆல் வகுத்தா 24.5 செ.மீ., உங்க ஸ்கேலைவிடச் சின்னது! 915 மி.மீ. சக்கரம் 10.5 மி.மீ. ஆகிடும். கிட்டத்தட்ட சட்டை பட்டன் சைஸ். சுவருக்கு 1 மி.மீ. அட்டை வேண்டாம். அது நிஜத்தில் 8.7 செ.மீ. கனம்... கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும்! வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை போதும். ரெண்டு அடுக்கா ஒட்டுங்க. உள் அடுக்கில் ஜன்னல் ஓட்டையைக் கொஞ்சம் சின்னதா வெட்டினா, ஃப்ரேம் தானா வந்துடும். கம்பிக்கு, பழைய ஒயரைப் பிரிச்சா வர்ற மெல்லிய செம்பு இழை. பெயின்ட் காய்ந்ததும், அடிப்பக்கம் செங்கல் தூளைத் தொட்டுத் தேய்ங்க. வெயிலில் ஓடின களை வந்துடும்!

டேங்கர் வேகன் ஆசையா? இந்த ஊர் வெடிக்காரங்க பேப்பரைக் குச்சியில் சுருட்டிக் குழாய் ஆக்குவாங்களே, அதே டெக்னிக்தான். பேப்பர், பசை, குச்சி... அவ்வளவே. மருந்து பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க!

'கேட் படிக்கிற நேரத்தில் பொம்மையா?'னு வீட்டில் கேட்பாங்க. கேட்கட்டும். கம்ப்யூட்டரில் வரையும்போது தப்பான அளவு சத்தமே போடாது. அட்டையில் அரை மில்லிமீட்டர் பிசகினா, கூரை உட்காராது. அப்போதான் 'டாலரன்ஸ்' மண்டையில் ஏறும்.

இன்னொரு விஷயம். ஐ.சி.எஃப். இந்தப் பழைய ரகப் பெட்டி தயாரிப்பை 2018-லேயே நிறுத்திடுச்சு. இருக்கிறவையும் ஒவ்வொண்ணா விடைபெறும். தாத்தா போன மீட்டர்கேஜ் பெட்டியில் எத்தனை ஜன்னல்னு கேட்டுப் பாருங்க, யாருக்கும் தெரியாது. நாம காலேஜ் வந்த பெட்டிக்கும் அந்த நிலைமை வேணாமே... ஒரு டேப், ஒரு பென்சில் எடுங்க. பிளாட்ஃபாரத்தில் நிக்கும்போதே அளந்துடுங்க!