பழுது பார்க்க ஓர் ஆள்

புதுக் கட்டிடம் கட்டித் தருகிறேன் என்று வருகிறவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை. பழைய கட்டிடத்தைப் பழுது பார்க்க ஒருவர் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "இடித்துவிடுங்கள் ஸார், அதுதான் லாபம்" என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு ஓர் ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் என்னையும் சேர்த்திருந்தார்கள். கட்டிட சாஸ்திரத்துக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. பழைய மாணவன் என்பது ஒரு யோக்கியதை. வசூல் நோட்டீசில் ஒரு எழுத்தாளன் பெயர் இருந்தால் நாலு காசு கூட வரும் என்று தாளாளர் நினைத்தது இன்னொரு யோக்கியதை.

கட்டிடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. எட்டு வகுப்பறை, முன்னால் நீளமாக ஒரு தாழ்வாரம். கூரை மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, அந்த வகை. தேக்கு உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாக, செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. இரும்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. அந்தக் கூரையின் கீழேதான் நானும் ஏழாம் வகுப்பில் கணக்குக்கு அடி வாங்கினேன்.

அரைப் பரீட்சை விடுமுறையில் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவின் கூரையிலிருந்து ஒரு பெரிய பாளம் விழுந்தது. மூன்றாவது பெஞ்சு இரண்டாக ஒடிந்து கிடந்தது. விடுமுறை என்பதால் பெஞ்சோடு போயிற்று. அன்று முதல் நான்கு அறைகளுக்குப் பூட்டு. பிள்ளைகளுக்குத் தாழ்வாரமும் புங்கமரத்தடியும். கட்டிட உறுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட எந்த இன்ஜினீயரும் தயாராக இல்லை. அது இல்லாவிட்டால் பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்க மாட்டார்கள்.

தலைமையாசிரியை அம்மாள் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பையன்கள் இறந்தார்கள். "யார் வந்தாலும் சரி ஸார், பிள்ளைங்க தலைமேல விழாதுன்னு ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும்" என்பதுதான் அவர் பேச்சு. அழகு, பழமை, பாரம்பரியம் என்றெல்லாம் நாங்கள் பேசியபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே எங்களுக்குள் தகராறு. சென்னையில் பிரஸிடென்ஸி காலேஜுக்கும் செனட் ஹவுஸுக்கும் 1864-ல் சர்க்கார் போட்டி வைத்து வரைபடங்களை வரவழைத்தார்கள். சிஷோம் என்ற இளைஞர் ஜெயித்தார். அது மாதிரி நாமும் போட்டி வைக்கலாம் என்றார் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெறும் மணலில் எழும்பப் போகிற மாளிகைக்குப் படம் போடலாம். பழுதுக்கு என்ன படம் போடுவது? சுவருக்குள் கட்டையின் முனை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வரையில் படம் போடுகிறவர் கதைதான் எழுதுகிறார். அந்தத் தொழிலுக்கு நான் ஒருவன் போதும்.

பொருளாளருக்கு ஒரே கட்சி: யார் குறைந்த தொகை சொல்கிறாரோ அவருக்கே வேலை. ஜவுளிக் கடை நடத்தியவர், பைசாவுக்குக் கணக்குச் சொல்கிறவர். ஆனால் ஒரு சங்கதியை அவரும் முதலில் கவனிக்கவில்லை. ஆர்க்கிடெக்டின் ஊதியம் வேலைச் செலவில் நூற்றுக்கு இத்தனை என்பதே பெரும்பாலும் வழக்கம். ஒரு கோடிக்குப் புதுக் கட்டிடம் போட்டால் நூற்றுக்கு ஐந்து என்றாலும் ஐந்து லட்சம். இருபது லட்சத்தில் பழுது பார்த்தால் ஒரு லட்சம். அதுவும் மூன்று மடங்கு உழைப்புக்கு. இடிக்கச் சொல்கிறவரை நான் பேராசைக்காரர் என்று சொல்லவில்லை. நாம் கூலி கொடுக்கிற முறையே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

மூன்று பேர் வந்தார்கள். முதல்வர் சென்னைக்காரர். திரை போட்டுப் படம் காட்டினார். பழைய கட்டிடம் இருந்த இடத்தில் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக மூன்று மாடி. அவரை அலட்சியம் பண்ண எனக்கு மனசு வரவில்லை. "நான் கணக்குப் போட்டுக் கட்டினதுக்குத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். யாரோ கட்டினதுக்குப் போட முடியாது" என்றார். நியாயமான மனிதர். பணம்தான் எங்களிடம் அதில் கால் பங்கு இல்லை.

இரண்டாமவர் உள்ளூர் இன்ஜினீயர், கமிட்டி அங்கத்தினர் ஒருவருக்குச் சம்பந்தி முறை. சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசி, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டால் தீர்ந்தது என்றார். தொகையும் குறைவு. ஆனால் அவர் கையெழுத்து யோசனையாக இருந்தது. நம் சட்டப்படி, 1972-ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்டுப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். இவர் விஸிட்டிங் கார்டில் அந்த வார்த்தை பெரிதாக இருந்தது. பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சு மழைக்குப் போய்விட்டது.

மூன்றாவது ஒரு பெண்மணி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தார். பையில் ஒரு சின்னச் சுத்தி, ஒரு திருப்புளி, டார்ச் லைட்டு. எங்களோடு உட்காராமல் ஏணி கேட்டார். கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். ஓர் இடத்தில் நகரவில்லை. மூன்றடி தள்ளி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. பிறகு பெருக்குகிற ஆயாவைக் கூப்பிட்டார்.

"ஆயா, மழை பெய்யறப்பவே ஒழுகுமா, விட்டப்புறம் ஒழுகுமா?"

"விட்டு ரெண்டு நாளு கழிச்சுத்தான் தாயி. வெயில் சுள்ளுனு அடிக்கிறப்போ சொட்டும்."

நூறு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் ஆயாக்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். மழையோடு ஒழுகினால் பெரும்பாலும் விரிசல். விட்ட பிறகு ஒழுகினால் தளம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று அந்த அம்மாள் விளக்கினார். மேலே ஏறிப் பார்த்தால் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு தடவை ஒழுகும்போதும் ஒவ்வொரு தாளாளர் காலத்திலும் தட்டோட்டின் மேல் ஒரு பூச்சுச் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். மொத்தம் மூன்று அங்குலம். நூறு சதுர அடியில் ஓர் அங்குலம் போட்டாலே அரை டன் கனம். ஐந்நூறு சதுர அடி வகுப்பறைக்கு ஏழு டன்னுக்கு மேல். இரண்டு கோயில் யானைகளைக் கூரையில் கட்டி வைத்துவிட்டுக் கீழே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! ஈரம் ஏறிய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட முடியாமல் சிமெண்டு அடைத்துக்கொள்ள, அந்த ஈரத்தில்தான் கட்டை முனைகள் மக்கியிருந்தன.

"மொத்தம் எவ்வளவு ஆகும், அதைச் சொல்லுங்கம்மா" என்றார் பொருளாளர்.

"எட்டு அறையிலும் கட்டை முனையைத் திறந்து பார்க்காமல் சொன்னால் அது பொய்த் தொகை ஐயா. வேணும்னா சொல்றேன். பாதி வேலையில வந்து இன்னும் கொடுங்கன்னு கேட்பேன்."

"திறந்து பார்த்த பிறகு?"

"இடிக்கத்தான் வேணும்னா அதையும் எழுதிக் கொடுப்பேன்."

அன்று இரவு பத்து மணி வரை வாதம். தொகையே சொல்லாத ஆளுக்கு எப்படி வேலை கொடுப்பது என்று பாதிப் பேர். நான் ஒன்றுதான் சொன்னேன்: பரிசோதனைக்கு மட்டும் தனியாக ஒரு தொகை கொடுத்துவிடுவோம், பழுது என்று எழுதினாலும் இடிப்பு என்று எழுதினாலும் அதே தொகை, அப்போது எதை எழுதினாலும் நம்பலாம். வியாபாரியானதால் பொருளாளருக்கு இது உடனே பிடிபட்டது. சம்பந்தி வீட்டார் மட்டும் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. எட்டு அறைகளில் ஐந்து தேறும். இரண்டில் முனை மக்கிய கட்டைகளை மாற்ற வேண்டும். ஏழாம் வகுப்பு 'பி' தேறாது. கூரையை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தலைமையாசிரியை அம்மாள் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தார். மற்ற ஏழையும் அதற்குப் பிறகுதான் அவர் நம்பினார் என்று தோன்றுகிறது.

மூன்றங்குலச் சிமெண்டை உளியால் கொத்திக் கீழே இறக்கவே ஒரு மாதம் ஆயிற்று. தளம் தட்டத் தெரிந்தவர்கள் இப்போது அகப்படுவது துர்லபம். விசாரித்து விசாரித்து, காரைக்குடிப் பக்கத்திலிருந்து நான்கு பெண்களும் ஒரு வயதான கொத்தனாரும் வந்தார்கள். கடுக்காய் ஊறப் போட்ட டிரம்மைச் சுற்றி ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெல்லம் எத்தனை கிலோ வாங்கினீர்கள், கட்டிடத்துக்கு எவ்வளவு போயிற்று, கொத்தனார் காப்பிக்கு எவ்வளவு போயிற்று என்று பொருளாளர் தினமும் சாயங்காலம் நோட்டோடு வந்துவிடுகிறார்.