மருந்து கெட்டிக்கிற கை

உடையார்பாளையம் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது முந்திரிக்காடு, பழைய ஜமீன், பக்கத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம், இவ்வளவுதான். துப்பாக்கி ஞாபகம் வராது. ஆனால் 'பாளையம்' என்பதே படை தங்கும் இடத்துக்குப் பெயர். 1765-ல் ஆற்காட்டு நவாபின் படை வந்து அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடித்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கியை ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னாலும் குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டிக்க வேண்டும். கெட்டிக்கிற கை சரியில்லை என்றால் குறி பார்க்கிற கண் எவ்வளவு கூர்மையாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இந்த ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கும் மாறவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் நெடுந்தூரம் சுடும் போட்டிக்காரர்கள் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். ஒரு தோட்டாவுக்கு நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சும் கூட்டைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அமுக்கி, மறுபடி நிரப்புகிறார்கள். மருந்தை நிறுக்கிற தராசு 0.1 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம் வித்தியாசத்தைக் காட்டும். நகைக்கடையில் தங்கத்துக்கு மில்லிகிராம் பார்ப்பதைப் போல இவர்கள் மருந்துக்குப் பார்க்கிறார்கள்.

எதற்கு இந்த மெனக்கெடல்? ஒரு கணக்கு பார்ப்போம். .308 என்ற பரவலான ரகத் தோட்டாவில் குண்டு நொடிக்கு சுமார் 790 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 10 மீட்டர் கீழே இழுத்துவிடும். ஒரு தென்னை மர உயரம்! அதை முன்கூட்டியே கணக்கிட்டுக் குழலைத் தூக்கிப் பிடிக்கலாம், பிரச்சினை இல்லை. ஆனால் அடுத்த குண்டின் வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் அது ஏறத்தாழ ஒரு சாண் கீழே போய் விழும். சுடுபவர் மேல் ஒரு தப்பும் இருக்காது.

ஆக, துல்லியம் என்பது வேகமோ பலமோ இல்லை. போன தடவை இருந்தது போலவே இந்தத் தடவையும் இருப்பது. மருந்தின் எடை, கூடு குண்டைப் பிடித்திருக்கும் இறுக்கம், குண்டு உள்ளே இறங்கியிருக்கும் ஆழம், எல்லாம் ஒன்று போல இருக்க வேண்டும். வெயில் கூட கணக்கில் வரும். பல ரக மருந்துகள் சூட்டில் கூடுதல் அழுத்தம் தரும். மார்கழிக் காலையில் சரிபார்த்த தோட்டா சித்திரை மத்தியானத்தில் வேறு இடத்தில் விழும். அரியலூர்ப் பக்கத்து வெயில் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம்மூருக்கு வருவோம். நம்மூரில் கையால் மருந்து கெட்டித்தவர்கள் என்றால் நரிக்குறவர்கள்தான். கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்து, ஈயக்குண்டைப் போட்டு, மறுபடி நார் வைத்து இடித்து, கடைசியில் கேப்பு மாட்டுவார்கள். தராசு கிடையாது. கை அளவுதான். மருந்து குறைந்தால் குண்டு போய்ச் சேராது. கூடினால் குழலே வெடித்துச் சுடுபவரைத்தான் முதலில் கொல்லும். அப்படி இருந்தும் தலைமுறை தலைமுறையாக அதை வைத்துச் சாப்பிட்டார்கள் என்றால், அந்தக் கைக்கு 'ஒன்று போல' என்பதன் அருமை தெரிந்திருக்கிறது.

அதற்காக நாட்டுத் துப்பாக்கியை அமெரிக்கக்காரரின் ரைஃபிளோடு ஒப்பிட முடியாது. ரைஃபிள் குழலின் உள்ளே திருகு திருகாகப் பள்ளம் இருக்கும். அது குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி விடுவதால்தான் நெடுந்தூரம் நேராகப் போகிறது. நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழவழவென்று இருக்கும். அதில் எவ்வளவு கவனமாகக் கெட்டித்தாலும் சிதறிப் போகும் குண்டுகள் கொஞ்ச தூரம்தான் உதவும்.

நரிக்குறவர்கள் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். குண்டைத் தூரம் அனுப்புவதற்குப் பதில் தூரத்தையே குறைத்தார்கள். பறவையைப் போலக் குரல் கொடுத்து அதை அருகே வரவழைப்பது, காற்று பார்த்து நெருங்குவது, அசையாமல் காத்திருப்பது. அங்கே கருவியால் தீர்த்த பிரச்சினையை இங்கே உடம்பாலும் குரலாலும் தீர்த்தார்கள்.

இரண்டுமே திறமைதான். ஆனால் ஒன்று பொழுதுபோக்கு, மற்றது வழக்கு. 1959 ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. இது தேவையான சட்டம் என்பதில் சந்தேகமில்லை. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. எங்கிருந்தோ பறந்து வரும் வாத்துகளுக்கு அங்கே நிம்மதி வேண்டும். யாரும் அதை மறுக்க முடியாது.

சட்டத்துக்கு உட்பட்டும் இந்த நுணுக்கத்துக்கு இடம் உண்டு. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதில் சுடும் .22 தோட்டாவில் ப்ரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை வீட்டில் மறுபடி நிரப்ப யாரும் முயல்வதில்லை. அதனால் பொறுக்குகிறார்கள். ரைஃபிளை இடுக்கியில் பூட்டி, ஒவ்வொரு தொகுப்புத் தோட்டாவாகச் சுட்டுப் பார்த்து, எந்தத் தொகுப்பு தங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறதோ அதையே மொத்தமாக வாங்குகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்ட 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 10 புள்ளி என்பது வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. அங்கேயும் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைச் சோதித்துப் பொறுக்குகிற வழக்கம் உண்டு.

நரிக்குறவர்கள் 2023-ல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ரொம்ப தாமதம். பாசிமணி விற்கும் இன்றைய பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கை அளவு தேவையில்லை, தேவைப்படவும் கூடாது. ஆனால் அந்த அறிவு 'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்' என்ற செய்தியாக மட்டுமே மிஞ்சினால் அது நஷ்டம். எந்தப் பறவைக்கு எந்தக் குரல், எவ்வளவு நெருங்கினால் அது பறக்கும், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் கரைவெட்டியில் பறவை கணக்கெடுப்பவர்களுக்கும் வேண்டிய அறிவுதான். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே யாராவது நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.