மழைக்காலத்தில் ஒரு கேமரா: கொல்லையிலிருந்து வேடந்தாங்கல் வரை

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் மதுராந்தகம் பக்கத்தில் வயல் வேலை பாதி நாள் நின்றுபோகும். அந்த நாட்களில் குடையும் கேமராவுமாக நான் கிளம்பிவிடுவேன். “சாருக்கு மழையில வேற வேலை இல்ல” என்று தெருவில் சிரிப்பார்கள். ஆனால் ஐப்பசி தொடங்கி தை அறுவடை வரை உள்ள இந்த நாட்களில்தான் நம் ஊரில் இத்தனை நிறங்களைப் பார்க்க முடியும். அதைப் பார்க்க வெகுதூரம் போகவும் வேண்டாம். கொல்லைக் கதவைத் திறந்தால் போதும்.

முதல் மழைக்கு மண்ணிலிருந்து தம்பலப்பூச்சி வெளியே வரும். சிவப்பு வெல்வெட் துணியில் பொத்தான் செய்து உருட்டிவிட்டது போல இருக்கும். அதற்குப் பிறகு வருகிற விருந்தாளி ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், வெளிர்மஞ்சள் மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டை என ஒரே குருவியில் இத்தனை நிறம். இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. விடியும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும் இரட்டைக் குரலில் கூப்பிடுவதால்தான் இந்தப் பெயர். உதிர்ந்து கிடக்கும் இலைகளைப் புரட்டிப் பூச்சியும் மண்புழுவும் தின்னும். எங்கள் கொல்லையில் மாமரத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்தி, மரத்தடியிலேயே மூடாக்காக விட்ட பிறகுதான் அது வந்து தங்க ஆரம்பித்தது.

அவரைக்கொடியில் ஒரு முதலை

போன மார்கழியில் பக்கத்து வீட்டு அம்மா வேலியருகே வந்து நின்றார். “சார், அவரைக்கொடி பூரா அசுவினி. அதுல முதலை மாதிரி ஒரு புழு வேற ஊருது. நெல்லுக்கு அடிச்ச மருந்து பாட்டில்ல கொஞ்சம் மீதி இருக்கு. அடிச்சிடட்டுமா?”

“இரும்மா, முதல்ல ஒரு படம் எடுத்துப் பார்ப்போம்” என்று போனேன். கருஞ்சாம்பல் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு அந்தப் புழு ஒரு கொழுந்தில் உட்கார்ந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அதன் வாயில் ஓர் அசுவினி இருந்தது. பொறிவண்டின் புழு அது. சிவப்பு முதுகில் கருப்புப் புள்ளி வைத்த பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் பிள்ளையைத்தான் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

எனக்கே தெரியாமல் இருந்த காலம் உண்டு. வேளாண்மைப் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தட்டைப்பயறு வயலில் இதே புழுவைப் பார்த்து, பயிரைத் தின்கிறது என்று மருந்து எழுதிக் கொடுத்தேன். அந்த விவசாயி கடன் வாங்கி அடித்தார். காவலாளி செத்தான், கொஞ்ச நாளில் அசுவினி இன்னும் அதிகமாக வந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை அதுதான் உறுத்துகிறது. அன்று கையில் ஒரு கேமராவும் நின்று பார்க்கும் பொறுமையும் இருந்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

பக்கத்து வீட்டு அம்மாவிடம், அசுவினி மொய்த்த நுனிகளை மட்டும் கிள்ளி அழிக்கச் சொன்னேன். புழு இல்லாத கொடிகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம். அதற்கும் அடங்காத இடத்தில் மட்டும், லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து மாலையில் தெளித்தோம். முதல் பறிப்பில் காய் குறைந்தது உண்மைதான். அடுத்த பறிப்பு தேறிவிட்டது. நெல்லுக்கு வாங்கிய மருந்து பிள்ளைகள் தின்னும் அவரையில் விழவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

வரப்பில் பனி, ஏரியில் நாரை

மார்கழிக் காலையில் சம்பா வயலின் வரப்பில் குந்திப் பாருங்கள். பனித்துளி கோத்த சிலந்தி வலை பயிருக்குப் பயிர் கட்டியிருக்கும். சிறகு காயும்வரை தட்டான்கள் நகராது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பக்கத்திலேயே படம் எடுக்கலாம். சிலந்தி புகையானைத் தின்கிறது. தட்டான் இலைச்சுருட்டுப் புழுவின் தாய் அந்துப்பூச்சியைப் பறக்கும்போதே பிடிக்கிறது. சில மருந்துகளை அடித்தபின் புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகுவதற்கு, இந்தச் சிலந்திகள் செத்துப்போவது ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரப் பயணம் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். சுமார் 30 ஹெக்டேர் ஏரி, அவ்வளவுதான். ஏரி நிரம்பியதும் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று கூடு கட்டும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயன் வாத்தும் வடக்கேயிருந்து வந்து இறங்கும்.

இந்த ஏரியின் கதை விவசாயிகளின் கதை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதியே கொடுத்தார். 2022-இல் ராம்சர் பட்டியலிலும் இந்த ஏரி சேர்ந்தது. ஊர்மக்கள் அழகுக்காக மட்டும் காக்கவில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தையையும் நண்டையும் பொறுக்குவதையும் பார்த்திருந்தார்கள்.

எல்லாப் பறவையும் நன்மை மட்டும் செய்கிறது என்று சொல்லமாட்டேன். வேறொரு ஏரிக்கரையில், செந்நிற அலகோடு நிற்கும் நீலத்தாழைக்கோழியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவர் சொன்னார்: “உங்களுக்குப் படத்துக்கு அழகு சார். எனக்கு நட்ட பயிரு போச்சு.” அவர் சொன்னது நியாயம். அது இளம் நெற்பயிரைக் கடித்து முறிக்கும். ஏரி ஓர வயலில் பளபளக்கும் ரிப்பனைக் குறுக்கே கட்டி அடிக்கடி இடம் மாற்றுவதும், விடியற்காலையில் ஆள் நடமாட்டம் வைப்பதும் ஓரளவு உதவும். விஷம் கலந்த தானியம் மட்டும் வைக்காதீர்கள். அது நாரையையும் நாயையும் சேர்த்துக் கொல்லும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கைப்பேசியே போதும்

பெரிய கேமரா தேவையில்லை. மேகம் மூடிய நாளின் வெளிச்சத்தில்தான் நிறம் சரியாக விழும். உச்சி வெயிலில் வெளுத்துப்போகும். பூச்சியின் உயரத்துக்கு நீங்கள் குனியுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள்; தாய் பறந்தால் முட்டை காக்கைக்குப் போகும். புல்லில் கால் வைக்கும்முன் கம்பால் தட்டுங்கள், மழைக்காலத்தில் பாம்பு மேட்டுக்கு வரும். கைப்பேசியைப் பாலித்தீன் உறையில் வையுங்கள். கேமரா இருந்தால், செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தோல் பையில் வைத்து ஒரு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கவிட்டவன் நான்.

இந்த இதழின் கேள்வி பதில் பகுதிக்கு எழுதும்போது இதே படங்கள் உதவும். முழுச்செடி ஒன்று, இலையின் மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, பூச்சியைப் பக்கத்தில் ஒன்று என நான்கு எடுங்கள். பயிரின் வயதையும் ஏற்கெனவே அடித்த மருந்தையும் எழுதுங்கள். பதில் சொல்பவருக்கும் தவறு நேராது.

பக்கத்து வீட்டு அம்மா இப்போது தானே படம் எடுத்து அனுப்புகிறார். போன வாரம் வந்த படத்தில் அவரைப் பந்தலில் ஒரு பச்சைத் தட்டான். கீழே எழுதியிருந்தார்: “இது நம்ம ஆளா சார்?”

நம்ம ஆள்தான்.