மீதிப் பணம்

பங்கு இல்லத்து முற்றத்தில் மாலைதோறும் சில பிள்ளைகள் கூடிப் படிப்பதுண்டு. அவர்களுள் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், 200இலிருந்து 80ஐக் கழிக்கச் சொன்னபோது 280 என்று எழுதினான். "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சென்றேன். கொல்லிமலையின் அடிவாரத்தில் கூடும் இச்சந்தை மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் முதலிய மளிகைச் சரக்குகளுக்குப் பெயர் பெற்றது. மூட்டைகளின் நடுவே, தாயின் அருகில் அச்சிறுவன் அமர்ந்திருந்தான். கிலோ 120 ரூபாய்க் கடுகில் கால் கிலோவும், கிலோ 100 ரூபாய் வெந்தயத்தில் அரைக் கிலோவும் வாங்கிய ஓர் அம்மையார் 200 ரூபாயை நீட்டினார். தாய் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். "முப்பதும் அம்பதும் எம்பது, இருபது சேர்த்தா நூறு, இன்னொரு நூறு" என்று முணுமுணுத்தவாறே அவன் 120 ரூபாயை எடுத்துக் கொடுத்தான். ஏட்டில் தவறவிட்ட அதே கணக்கு!

என்னைக் கண்டதும் தாய் எழுந்து நின்றார். "எனக்கே கணக்குன்னா ஆகாதுங்க சாமி. இவனுக்கு மட்டும் எங்கிருந்து வருமுங்க?" என்றார். பையன் தலை குனிந்தான்.

அந்தக் குனிந்த தலையில் நான் என்னையே கண்டேன். வாய்ப்பாடு தடுமாறிய இரவுகளில் என் தந்தை கேட்டதும் "இதுகூடத் தெரியாதா?" என்பதுதான். அவருடைய சொல்லை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரமாக வைத்திருந்து, பிறர் பெற்ற பிள்ளையின்மீது எறிந்திருக்கிறேன்.

அச்சமும் வீட்டில் பரம்பரைச் சொத்தாக இறங்குகிறது. முதலிரண்டு வகுப்புக் குழந்தைகளிடையே அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்திற்கு அடிக்கடி உதவியபோது, அவர்தம் பிள்ளைகள் அவ்வாண்டில் குறைவாகவே கற்றனர். அச்சமும் மிகுந்தது என்று அது கூறுகிறது. உதவ வேண்டாம் என்பதன்று இதன் பொருள். நம் அச்சத்தையும் சேர்த்து ஊட்டிவிடக் கூடாது என்பதே.

சந்தையில் நான் கண்டதற்கும் சான்று உண்டு. பொருளியல் அறிஞர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்தனர். 2025இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. விலையையும் மீதியையும் மனத்தாலேயே கணித்த அப்பிள்ளைகளுள் பலர், பாடநூல் வடிவில் அமைந்த எளிய கணக்குகளில் திணறினர். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினர். இரு கரைகளும் இருக்கின்றன, பாலந்தான் இல்லை.

தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிச் சிறு வகுப்புகளில் செயல்வழிக் கற்றலை முன்வைத்தது. பள்ளி தன் பங்கைச் செய்யட்டும். பாலத்தின் மறுமுனை நம் வீட்டில் இருக்கிறது.

இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. நால்வருக்கு ஓர் ஆழாக்கு அரிசி என்றால் எண்மருக்கு எவ்வளவு என்று அடுப்படியில் கேட்கலாம். கணக்கே தெரியாது என்னும் பாட்டி, இரவுதோறும் ஜெபமாலையைப் பத்துப் பத்தாகத்தானே எண்ணுகிறார்? அந்த 5 பத்துகளையும், தொடக்கத்திலுள்ள 3 மணிகளையும் பேரன் விரலால் தொட்டு எண்ணினால், 53 என்னும் எண்ணில் 5 ஏன் ஐம்பதாகிறது என்பது விளங்கும். விடை தவறினால், "தப்பு" என்பதற்கு முன், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிழைக்குள்ளும் ஒரு வழி இருக்கும். அச்சிறுவன் பூச்சியத்திலிருந்து 8ஐக் கழிக்க இயலாமல், 8இலிருந்து பூச்சியத்தைக் கழித்திருந்தான். 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று எப்போதோ கேட்டதை நம்பிச் செய்த பிழை அது, அறிவின்மை அன்று. நான்தான் கேட்கவில்லை.

சந்தையில் அவனருகே குந்தி அமர்ந்தேன். "கண்ணு, அன்னைக்கு நான் அப்படிக் கேட்டது தப்பு" என்றேன். அவன் நிமிர்ந்தான். "200 ரூபாய் கொடுத்தவங்களுக்கு 280 திருப்பிக் கொடுப்பியா?" என்றதும் சிரித்துவிட்டான். "நட்டமாயிடுமுங்க சாமி!"

"அப்போ இவனுக்குக் கணக்கு வருதுங்களா சாமி?" என்றார் தாய். "அவனுக்கு மட்டுமா? காலும் அரையும் நிறுத்து விலை சொல்கிற உங்களுக்கும் வருகிறதம்மா" என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் மறுக்கவுமில்லை.

திங்கட்கிழமை மாலை அவன் முற்றத்துக்கு வந்தான். ஏட்டில் 120 என்று எழுதி, கேட்கும் முன்பே, எப்படிக் கண்டுபிடித்தான் என்பதைச் சொல்லத் தொடங்கினான். நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.