பாஸ் ஆக ரெண்டு செகண்ட்!

‘பாஸ்’னு சொன்னதும் செமஸ்டர் ரிசல்ட் ஞாபகத்துக்கு வருதா? அப்போ நீங்க நம்ம செட்! ஆனா, நான் சொல்ல வந்த பாஸ் வேற. அது ஒரு மீன். வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் இருக்கிற லார்ஜ்மவுத் பாஸ். பேருக்கு ஏத்த மாதிரி உடம்புல பாதி வாய்தானோன்னு தோணும். 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடிச்ச பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது பத்து கிலோவுக்கு மேல! அந்த ரெக்கார்டைத் தொடவே 77 வருஷம் ஆச்சு. 2009-ல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடிச்ச மீனை அதுக்குச் சமம்னு ஏத்துக்கிட்டாங்க.

‘சரி, எங்கேயோ இருக்கிற மீனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’னு கேக்குறீங்களா? ரெண்டு சம்பந்தம் இருக்கு.

ஸ்கூல் லேப்ல புனலுக்குள்ள ஒரு பாசிச் செடியைக் கவுத்து வெச்சு, வெயில்ல காட்டி, ஆக்ஸிஜன் குமிழ் எண்ணினோமே... ஹைட்ரில்லா! அந்தச் செடி 1950-களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போச்சு. அங்கே தப்பிச்சு ஏரிகளுக்குள்ள இறங்கி, தண்ணி மேல பாய் விரிச்ச மாதிரி படர்ந்துடுச்சு. அந்தப் பாய்க்கு அடியில நிழல்ல படுத்துக்கிட்டு, மேல எது போனாலும் அடிக்கிறதுதான் பாஸோட வேலை. அங்கே சாதாரணத் தூண்டிலை வீசினா மீன் வராது, ஒரு கூடை பாசிதான் வரும். பாசிக்கு மேலேயே குதிச்சு ஓடுற ரப்பர் தவளைக்கு அந்த ஊர்ல அவ்வளவு மவுசு வந்தது இதனாலதான்.

ரெண்டாவது சம்பந்தம், நம்ம விரால். அதே மாதிரி பாசிக்குள்ள பதுங்கும். அதே மாதிரி தவளைன்னா உயிரை விடும். அதனால பாஸுக்காகச் செஞ்ச அந்த ரப்பர் தவளை இன்னிக்கு நம்ம கண்மாய்க் கரையிலயும் குதிச்சுக்கிட்டிருக்கு. நானும் விரால் பைத்தியம்தான். மெக்கானிக்கல் படிக்கிறவன்கிறதால, அந்தத் தவளையைக் கையில எடுத்ததும் இது எப்படி வேலை செய்யுதுன்னு பிரிச்சுப் பார்க்காம இருக்க முடியல.

ஒளிஞ்சிருக்கும் முள்

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கோங்க. மத்த தூண்டில்ல முள் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கும். தவளையில முள் முதுகோட ஒட்டிப் படுத்திருக்கும். அதனாலதான் பாசியில மாட்டாம வழுக்கிக்கிட்டுப் போகுது. ஆனா, பாசியில மாட்டாத முள் மீன் வாயில மட்டும் எப்படி மாட்டும்? இதான் கேள்வி. மீன் கவ்வும்போது உடம்பு நசுங்கணும், முள் வெளியில வரணும். பாசியில மறைஞ்சே இருக்கணும், வாய்க்குள்ள போனதும் தெரிஞ்சாகணும். தவளையைத் தேர்ந்தெடுக்கிறது, கோர்க்கிறது, நரம்பு கட்டுறது எல்லாமே இந்த ரெண்டுக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்ற வேலைதான்.

எந்தத் தவளை?

ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, உள்ளே காத்து மட்டும் இருக்கிற கூடு தவளை. பாஸ் சாம்பியன் டீன் ரோஜாஸ் வடிவமைச்ச ‘பிரான்ஸ்ஐ’ தவளை இந்த வகை. கம்பெனியே ரெட்டை முள் மாட்டித்தான் அனுப்பும். நிறுத்தினாலும் மிதக்கும். பாசி கெட்டியா இருக்கிற இடத்துல, ஒரு சின்ன ஓட்டை தெரிஞ்சா அங்கேயே நிக்க வெச்சு ஆட்டிக்கிட்டு இருக்கலாம்.

இன்னொண்ணு, உள்ளேயும் கெட்டியா இருக்கிற மென் பிளாஸ்டிக் தவளை. ‘ஸ்டான்லி ரிப்பிட்’ மாதிரி. பேச்சுக்குத்தான் ரப்பர்னு சொல்றோம், உண்மையில இது பி.வி.சி.யில செஞ்சது. ரெண்டு காலும் துடுப்பு மாதிரி சுழன்று தண்ணியைப் படபடன்னு அடிக்கும். இதுல பெரும்பாலானது நிறுத்தினா மெல்ல மூழ்கிடும். அதனால ரீலைச் சுத்திக்கிட்டே இருக்கணும். அல்லி இலைகளுக்கு நடுவுல, அங்கங்கே பாசி இருக்கிற திறந்த தண்ணியில வேகமா நிறைய இடத்தைத் தேடிப் பார்க்க இதுதான் சரி. முள்ளை நாமதான் வாங்கிக் கோர்க்கணும்.

கடையில என்ன பார்க்கணும்? கலரைப் பார்க்காதீங்க, அமுக்கிப் பாருங்க! கூடு தவளைன்னா கட்டை விரலால முதுகை லேசா அழுத்தணும். உடனே ரெண்டு முள் முனையும் தலை நீட்டினா ஓகே. பலம் போட்டு அமுக்க வேண்டியிருந்தா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க. மென் தவளைன்னா உடம்பு வளையணும், ஆனா மூக்குப் பக்கம் கொஞ்சம் கெட்டியா இருக்கணும். மூக்கு கிழிஞ்சா அந்தத் தவளை அவ்ளோதான்.

கலர் விஷயம் ரொம்ப சிம்பிள். மீன் கீழே இருந்து மேலே பார்க்குது. அதுக்குத் தெரியிறது வயிறும் நிழலும் மட்டும்தான். மங்கலான வெளிச்சம், கெட்டிப் பாசின்னா கறுப்பு. தெளிஞ்ச தண்ணி, நல்ல வெயில்னா வெள்ளை அல்லது பச்சை வயிறு. முதுகுல போட்டிருக்கிற டிசைன் எல்லாம் மீனைப் பிடிக்க இல்ல, கடையில நம்மைப் பிடிக்க!

கோர்க்கிறதுதான் வித்தை

முள் சைஸ் 4/0, 5/0-ன்னு எழுதியிருக்கும். பயந்துடாதீங்க, யாரும் ஜீரோவால வகுக்கச் சொல்லல. சாதா நம்பர்ல எண் ஏற ஏற முள் சின்னதாகும். பக்கத்துல ஜீரோ வந்துட்டா தலைகீழ்... எண் ஏற ஏற முள் பெரிசாகும். நாலு இஞ்ச் தவளைக்கு 4/0 அல்லது 5/0 பொருந்தும். முள்ளோட வாய் அகலமா இருக்கிறதா பார்த்து எடுங்க. தவளை உடம்பு நசுங்கி ஒதுங்க அதுக்குள்ள இடம் வேணும். உடம்பே முள்ளோட வாயை அடைச்சுக்கிட்டா மீன் தாடைக்கு இடம் ஏது?

இப்போ கோர்க்கலாம். முள் முனையை மூக்கு நடுவுல நேரா குத்துங்க. கால் இஞ்ச் உள்ளே போனதும் வயித்துப் பக்கமா வெளியே எடுத்துடுங்க. நரம்பு கட்டுற வளையம் மூக்குக்குள்ள ஒளியிற வரைக்கும் முள்ளை இழுத்து, அப்படியே பாதி சுத்து திருப்புங்க. இப்போ முனை தவளையைப் பார்த்து இருக்கும். முள்ளை உடம்போட பக்கவாட்டுல வெச்சு, வளைவு எந்த இடத்துக்கு வருதுன்னு அளந்துக்கோங்க. அவசரப்படாம இதைச் செஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அந்த இடத்துல வயித்துல குத்தி, முதுகு வழியா முனையை வெளியே எடுங்க. கடைசியா, முனையை மட்டும் முதுகுத் தோலுக்குள்ள ஒரு நூல் அளவுக்குச் சொருகி விடுங்க. அதிகமா சொருகினா மீன் கவ்வும்போது வெளியில வராது. சொருகாம விட்டா ஒவ்வொரு வீச்சுக்கும் பாசி அறுவடை!

முடிச்சதும் தவளை ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கணும். கூன் விழுந்திருந்தா தண்ணியில பம்பரம் மாதிரி சுழன்று நரம்பை முறுக்கிடும். கரையோரமா ஒரு தடவை இழுத்துப் பாருங்க. வயிறு கீழே, முதுகு மேலேன்னு ஓடினா பாஸ். கவிழ்ந்தா, கழட்டித் திரும்பக் கோருங்க. கவிழ்ந்துக்கிட்டே இருந்தா, அடியில சின்ன ஈயம் வெச்ச முள் கிடைக்கும். கப்பலுக்கு அடியில பாரம் வைக்கிற அதே தத்துவம்தான்.

கூடு தவளைக்கு வேற கை வேலை. ரெண்டு முள் முனையையும் குறட்டால ஒரு மயிரிழை மேலே தூக்கி விட்டா மாட்டுறது கூடும். வால்ல தொங்குற ரப்பர் இழைகளைக் கொஞ்சம் வெட்டினா, ராடு நுனியைச் சுண்டும்போது இடம் வலம்னு தலையை ஆட்டிக்கிட்டு வரும். அடிக்கடி அமுக்கி உள்ளே புகுந்த தண்ணியைப் பீய்ச்சி எடுத்துடணும். இல்லேன்னா தவளை நீச்சல் மறந்துடும்.

நரம்புக்கு வருவோம். பிரெய்டுதான். 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ தாங்குறது. ‘ரெண்டு கிலோ மீனுக்கு இவ்வளவா?’ன்னு ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க. நீங்க இழுக்கிறது மீனை மட்டும் இல்ல மக்களே, அது உடம்புல சுத்திக்கிட்ட பாசி மூட்டையையும் சேர்த்து. தவிர, சாதா நைலான் இழுத்தா நீளும். முப்பது மீட்டர் தள்ளி நின்னு நீங்க சுண்டுற விசையில ஒரு பங்கை நரம்பே தின்னுடும். பிரெய்டு நீளாது, மிதக்கவும் செய்யும். நரம்பு அறுந்தா நமக்குப் போறது ஒரு தவளை. மீனுக்கு? வாயில முள்ளோட அது சுத்தணும். அதனால நரம்பு விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம்.

அந்த ரெண்டு செகண்ட்

எல்லாம் சரியா கட்டி வீசியாச்சு. தவளை பாசி மேல தத்தித் தத்தி வருது. திடீர்னு ‘டமால்’! பாசி கிழிஞ்சு தண்ணி எகிறுது. இப்போ என்ன பண்ணுவீங்க? சட்டுனு இழுப்பீங்க. எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. தவளை பறந்து வந்து முகத்துல அடிக்கும்.

காரணம் இருக்கு. கண்ணால பார்த்துக் கை அசைய நமக்குக் கிட்டத்தட்ட கால் செகண்ட் போதும். ஆனா, மீனுக்கு அது போதாது. பாஸ் கடிக்கிறதில்ல, வாயை விரிச்சுத் தண்ணியோட சேர்த்து உறிஞ்சும். இடையில பாசி வேற. தவளை உள்ளே போகணும், வாய் மூடணும், உடம்பு நசுங்கணும், முள் தலை நீட்டணும். அதுக்கு முன்னாடி இழுத்தா, நாமளே மீன் வாயிலிருந்து இரையைப் பிடுங்கின மாதிரி.

அதனால சத்தத்துக்கு இழுக்காதீங்க, கனத்துக்கு இழுங்க. ராடு நுனியை மீன் பக்கமா இறக்கி, தொய்வைச் சுத்திக்கோங்க. கையில ‘கிண்’ணுனு பாரம் தெரிஞ்சதும் முழு பலத்தோட ஒரே வெட்டு. தலை பாசிக்கு மேலே வந்ததும் நிறுத்தாம சுத்தணும். லேட் கட் ஆடுற பேட்ஸ்மேன் பந்தைக் கடைசி வரைக்கும் விட்டு ஆடுவாரே, அந்தப் பொறுமை. மிஸ்ஸாயிட்டா கவலை வேண்டாம், கிழிஞ்ச ஓட்டையிலயே திரும்பப் போடுங்க. பல தடவை அது அங்கேயே கோபத்தோட காத்திருக்கும்.

விரால்கிட்ட இன்னும் கறார். அதோட வாய் எலும்பும் பல்லுமா கெட்டி. முள் முனையை நகத்துல வெச்சா வழுக்காமப் பதியணும், அவ்வளவு கூர்மை வேணும். அதுக்கு ஒரு பலவீனமும் உண்டு. காத்தைக் குடிக்க மேலே வந்தே ஆகணும். குமிழ் வந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, அதுக்கு ரெண்டு மீட்டர் தள்ளிப் போட்டு இழுத்துட்டு வாங்க.

பசியா, பாசமா?

நம்ம ஊர்ல ரொம்ப காலமா உயிர்த் தவளையை முள்ளுல கோர்த்துத்தான் விரால் பிடிக்கிறாங்க. ரப்பர் தவளை வந்ததுல எனக்குப் பெரிய சந்தோஷமே, அந்தத் தவளைங்க தப்பிச்சதுதான். வயல் பூச்சியைத் தின்னுற தவளை குறையுதேங்கிற கவலையிலதான் 1987-ல் தவளைக் கால் ஏற்றுமதிக்கே இந்தியா தடை போட்டுச்சு. ஆனா, ரப்பர் தவளையால தப்பிக்க முடியாத ஒரு ஜீவன் இருக்கு.

ஒரு மழைக்கால லீவுல கண்மாய்க் கரையில ராடோட நின்னேன். பத்தடி தள்ளித் தண்ணி மேல செக்கச்செவேல்னு ஒரு திட்டு, கொதிக்கிற மாதிரி அசைஞ்சுக்கிட்டே நகர்ந்தது. மாடு குளிப்பாட்டிக்கிட்டிருந்த பெரியவர் கையைக் காட்டினார்.

“தம்பி, அதுல போடாத. அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் அடியிலேயே நிக்கும்.”

“அப்போ போட்டா உடனே அடிக்கும்ல ஐயா?”

“அடிக்கும். பசிக்கு இல்ல, பிள்ளைக்கு. அதைத் தூக்கிட்டா இத்தனையையும் கெளுத்தியும் கொக்கும் தின்னுட்டுப் போயிரும்.”

ரீலைச் சுத்தி முள்ளை ராடுல மாட்டிட்டேன். வீட்டுக்கு வந்து படிச்சப்போ தெரிஞ்சது, பாஸும் அப்படித்தானாம். ஆண் மீன் கூட்டுக்குக் காவல் நின்னு, குஞ்சு பொரிச்ச பிறகும் கொஞ்ச நாள் கூடவே திரியும். கிட்ட வர்ற எதையும் அடிக்கும். அந்த நேரத்துல அதைப் பிடிக்க முள்ளும் வித்தையும் வேண்டாம், மனசு மட்டும் கல்லா இருந்தா போதும். சிவப்புத் திட்டு தெரிஞ்சா வேற கரைக்கு நகருங்க பாஸ். அடுத்த வருஷ மீன் அங்கேதான் நீந்திக்கிட்டிருக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி மூணு சில்லறை விஷயம். கண்மாய் குத்தகையில இருக்கும், குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. மென் தவளைகளைக் கண்ட பிளாஸ்டிக் டப்பாவுல போடாதீங்க, சில டப்பாவோட ஒட்டி உருகிக் கூழாயிடும், வந்த கவரிலேயே வெச்சுக்கோங்க. கிழிஞ்ச தவளையைத் தண்ணியில வீசாம பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வாங்க. அது மக்காது.

மத்தபடி, அந்த ‘டமால்’ கேட்டதும் மனசுக்குள்ள ஒண்ணு... ரெண்டு... எண்ணுங்க. அரியர் வெச்சவங்களுக்குக்கூட இந்தப் பரீட்சையில பாஸ் கேரண்டி!