தொட்டிக்கரியின் ஊரில் தண்ணீர்

கோவையிலிருந்து கிழக்கே, பல்லடம் தாண்டியதும் பச்சை குறையத் தொடங்குகிறது. காங்கேயத்தை நெருங்கும்போது கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளும் வெயிலும்தான் மிச்சம். மழை குறைந்த இந்தச் சீமை இரண்டு விஷயங்களுக்குப் பேர் போனது. ஒன்று காளை, மற்றொன்று தேங்காய் எண்ணெய்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்னை செழித்து வளர்வது பொள்ளாச்சியிலும் பாலக்காட்டுப் பக்கமும். அது கொப்பரையாவது இங்கே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் வானம் இங்கே அநேக நாட்கள் வெளுத்தே கிடக்கும். விவசாயிக்குச் சாபமான அந்த வெயில், வியாபாரிக்கு வரமானது. சாலையின் இருபுறமும் களம் களமாகத் தேங்காய்ப் பருப்பு காய்கிறது. பருப்பு செக்குக்குப் போன பிறகு மிஞ்சுவது ஓடு. தென் மாவட்டங்களில் சிரட்டை, சென்னையில் கொட்டாங்கச்சி, கொங்கு நாட்டில் தொட்டி. ஒரு காலத்தில் அடுப்பெரிக்கப் போன இந்தத் தொட்டிக்கு இன்று சர்வதேச மார்க்கெட் இருக்கிறது.

தொட்டி முதலில் கரியாக வேண்டும். பழைய முறை எளியது. குழியில் தொட்டியைக் கொட்டித் தீ வைப்பார்கள். அடுக்கடுக்காக மேலே கொட்டி, காற்று அதிகம் புகாமல் மூடிவிடுவார்கள். சாம்பலாக விடாமல் புகைய வைப்பதில்தான் சூட்சுமம். மூன்று டன்னுக்கு மேல் தொட்டி போட்டால்தான் ஒரு டன் கரி தேறும்.

அடுத்த கட்டம் தொழிற்சாலையில். சுழலும் உலையில் கரியை 900 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கரியை அரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைக் குடைகிறது. ரசாயன நூல்களில் இதற்குக் கிளர்வூட்டிய கரி என்று பெயர். ஊர் வழக்கில் வெறும் ‘கார்பன்’. ஒரு கிராம் கார்பனில் உள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் வரும். அதாவது, ஒரு சிட்டிகைக் கரிக்குள் 25 சென்ட் நிலம்! தண்ணீரிலுள்ள சாயம், பூச்சிமருந்து, குளோரின் வாடை எல்லாம் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மற்ற பல கரிகளைவிடத் தொட்டிக்கரியில் மிக நுண்ணிய துளைகள் அதிகம். எனவே குடிநீர் வடிகட்டிகளில் அதற்குத் தனி மவுசு. உங்கள் வீட்டுச் சுத்திகரிப்புக் கருவிக்குள்ளும் அநேகமாக ஏதோ ஒரு தென்னந்தோப்பின் மிச்சம் இருக்கும்.

தொட்டி மட்டுமல்ல, தென்னையின் வேறு கழிவும் இதற்கு உதவும். பாரதியார் பல்கலைக்கழகத்தின் நமசிவாயமும் கவிதாவும் தென்னை நார்க்கழிவைக் கரியாக்கி, காங்கோ ரெட் என்ற சாயத்தைத் தண்ணீரிலிருந்து நீக்கிக் காட்டிய ஆய்வு 2002ல் வெளியானது. கொங்கு நாட்டில் சாயம் நீக்குவது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டல்ல. காங்கேயத்துக்கு வடக்கே போனால் காரணம் புரியும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் ஆறு, திருப்பூரைக் கடந்து இந்தப் பக்கம் வருகிறது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992ல் அணை திறக்கப்பட்டது. தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்கக் கூடாது என்று விவசாயிகளே மன்றாடிய விநோதம் நடந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாதவர்களுக்கே மீண்டும் அனுமதி என்றானது.

பக்கத்திலேயே இவ்வளவு கரி இருந்தும் ஆறு ஏன் கெட்டது? கரியின் எல்லை அப்படி. அது நிறத்தைப் பிடிக்கும், நாற்றத்தைப் பிடிக்கும். உப்பைப் பிடிக்காது. சாயம் துணியில் ஏறுவதற்காகக் கொட்டப்படும் உப்புதான் நொய்யல் கரையின் மண்ணையும் கிணற்றையும் பாழாக்கியது. கரி வடிகட்டிய நீர் பளிங்காகத் தெரியலாம். வாயில் வைத்தால் கரிக்கும். உப்பைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

அதைவிடக் கசப்பான உண்மை கரிக்குழிகளின் பக்கத்தில் இருக்கிறது. தொட்டி புகையும்போது தார் கசிகிறது. கனலும் கரியை அணைக்கத் தண்ணீர் ஊற்றினால், அந்தத் தாரும் பினால் வகைப் பொருட்களும் நீரோடு மண்ணில் இறங்குகின்றன. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் நிறம் மாறி, ஆடுமாடுகூடக் குடிக்க மறுக்கிறது என்பது காங்கேயம், வெள்ளகோவில் வட்டார விவசாயிகள் பலகாலமாகச் சொல்லிவரும் புகார். கரி ஆலைகளை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்திருக்கின்றன. எங்கோ ஒரு நகரத்துக் குழாயைச் சுத்தமாக்கும் பொருள், தான் பிறந்த ஊரின் கிணற்றைக் கெடுத்துவிட்டுப் புறப்படுகிறது.

இதைத் தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டியதில்லை. மூடிய சூளையில் சுட்டால் புகையையே எரிபொருளாக்கலாம். அந்தச் சூட்டில் கொப்பரை உலர்த்தலாம், மின்சாரமும் எடுக்கலாம். தண்ணீர் ஊற்றாமல், காற்றை அடைத்தே கரியை ஆறவிடலாம். குழி வெட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சூளைக்குப் பணம் அதிகம் வேண்டும். சிறு கரிக்காரரிடம் அந்த முதல் இல்லை. அவரிடம் கரி வாங்கி ஏற்றுமதி செய்பவரிடம் இருக்கிறது. கரி எப்படிச் சுடப்பட்டது என்று கேட்டு வாங்க வேண்டியவரும் அவரே.

தொட்டியைக் கழிவு என்று சொல்வதை ஊர் எப்போதோ நிறுத்திவிட்டது. கிணறு கெட்டால் அதற்கும் ஒரு விலை உண்டு என்று கரியின் கணக்கில் எழுதுவதுதான் இன்னும் பாக்கி.