காதோரம் ஒரு தட்டு

அறைக்குள் திரையின் வெளிச்சம் மட்டும்தான். கட்டிலில் படுத்திருந்த பெரியவருக்கு 64 வயது, கைத்தறி நெசவாளர். போன வாரம் தறியில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று பேச்சு குழறியது. நாடாக் கயிற்றை இழுக்க வலது கை வரவில்லை. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதோடு விட்டுவிடாமல் அவர் மகள் அழைத்து வந்திருந்தார்.

"ஐயா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க. எச்சில் முழுங்காதீங்க." டாக்டரம்மா இடது கழுத்தில் ஜெல்லைத் தடவி ப்ரோப்பை வைத்தார்.

மதுரையில் இருக்கும் இந்த ஸ்கேன் சென்டருக்கு நான் வந்ததற்குக் காரணம் என் அப்பா. ஒருநாள் காலையில் ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டி, ஐந்து நிமிஷத்தில் தெளிந்தது அவருக்கு. கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். கழுத்தை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் பக்கவாதம். கழுத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று அன்றிலிருந்து எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

குரல்வளையின் மேல் விளிம்பை ஒட்டி, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கு, இன்னொன்று முகத்துக்கு. கொழுப்பு படிவது பெரும்பாலும் இந்தக் கவட்டில்தான். இரண்டு கிளைகளையும் மாற்றி எடுத்துக்கொண்டால் ரிப்போர்ட்டே தப்பு. அதற்கு டாக்டரம்மா செய்ததை நான் மறக்க மாட்டேன். வலது கையில் ப்ரோப் அசையாமல் இருக்க, இடது கை விரலால் பெரியவரின் காதுக்கு முன்னால் டொக் டொக்கென்று தட்டினார். திரையில் ஓடிய அலை ரம்பப் பல் மாதிரி நடுங்கியது. "இது முகத்துக்குப் போறது" என்றார். ப்ரோப்பை லேசாகச் சாய்த்தார். இப்போது தட்டினால் அலை அசையவில்லை. துடிப்புக்குத் துடிப்பு அறுந்து விழுந்த சத்தமும் மாறி, இடைவிடாத உஸ்ஸென்ற இரைச்சலாக வந்தது. மூளைக்கு ரத்தம் ஒரு நொடியும் நிற்காமல் போக வேண்டும். அந்த இரைச்சலில் அது காதுக்கே தெரிகிறது.

இந்த டாப்ளர் ஸ்கேன் அளப்பது குழாயின் அகலத்தை அல்ல, ரத்தத்தின் வேகத்தை. வாய்க்காலைக் குறுக்கினால் தண்ணீர் சீறுவதைப் போலத்தான். நொடிக்கு 125 செ.மீ.க்குள் இருந்தால் அடைப்பு பாதிக்கும் குறைவு. 230-ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ என்பது 2003-ல் அமெரிக்க நிபுணர் குழு வெளியிட்ட கணக்கு. பெரியவருக்கு 310. ஆனால் திரையில் ரத்த ஓட்டத்தோடு ஒட்டி ஒரு சிறு கோட்டைக் கையால் சாய்த்து வைக்க வேண்டும். ப்ரோப்பின் ஒலிக்கற்றைக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள கோணம் 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 60 டிகிரியில் ஓடும் ரத்தத்துக்கு 65 என்று வைத்துவிட்டால், 220 என்பது 260 ஆகத் தெரியும். ஐந்து டிகிரிதான், அதற்குள் ஒரு மனிதர் அறுவை சிகிச்சைப் பட்டியலில் ஏறிவிடுவார். டாக்டரம்மா மூன்று முறை அளந்தார்.

அடுத்த அறையில் சி.டி. சிறுநீரகம் தாங்குமா என்று கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சாய மருந்து ஏற்ற டெக்னீஷியன் தம்பி பச்சை வென்ஃப்ளான் ஊசியைக் குத்தினார். "உடம்பெல்லாம் சூடா வரும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீங்க." படம் எடுக்கச் சில நொடிகள்தான். இங்கே அகலமே நேராகத் தெரிகிறது. ஆனால் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது வெள்ளையாகப் பூத்து, உள்வழியை இருப்பதைவிடக் குறுகலாகக் காட்டும். எம்.ஆர்.ஐ.யில் சுண்ணாம்பால் இந்தத் தொந்தரவு இல்லை, மருந்து போடாமலேகூடப் பார்க்கலாம். ஆனால் ரத்தம் சுழித்து ஓடும் இடத்தில் படமே மங்கி, இருக்கும் வழியும் இல்லாதது போலத் தெரியும். முழு அடைப்பா, இழை அளவு வழி மிச்சமா என்பதில் சிகிச்சையே மாறிவிடும் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

இவற்றுக்கெல்லாம் மூத்தது, குழாய்க்குள்ளேயே மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோ. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927-ல் தொடங்கியது. இன்றும் உரைகல் அதுதான். ஆனால் 1995-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், அந்தச் சோதனையாலேயே நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல் பக்கவாதம் வந்தது. அதனால்தான் இப்போது அதைக் கடைசியில் வைக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சி.டி. படத்தில் டாக்டரம்மா அளந்தார். மிகக் குறுகிய இடம் 1.4 மி.மீ. மேலே நல்ல குழாய் 4.8. அமெரிக்க முறையில் அடைப்பு 71 சதவீதம். அதே இடத்தில் குழாய் முன்பு 7.5 இருந்திருக்கும் என்று மதிப்பிட்டுக் கணக்கிடும் ஐரோப்பிய முறையில் 81. ஒரே கழுத்து, ஒரே படம். எந்த முறை என்று எழுதாத ரிப்போர்ட்டை நம்பக் கூடாது என்று அப்போது புரிந்தது.

சுண்ணாம்பு கொஞ்சம் இருந்ததால் டாக்டரம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. பெரியவரை மறுபடி படுக்க வைத்து, இந்த முறை கழுத்தின் பின்பக்கமிருந்து ப்ரோப்பைக் கொடுத்தார். காதோரம் மறுபடி ஒரு தட்டு. 305.

அறுவை சிகிச்சை டாக்டர் போனில் வந்தார். முதல் கேள்வியே, "71-ன்னா, எந்தக் கணக்குல மேடம்?" டாக்டரம்மா சொன்னார். அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன். ஏழு நாள் ஏற்கெனவே போயிருந்தது. வியாழக்கிழமை என்று முடிவானது.

பெரியவர் துண்டால் கழுத்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "அந்த உஸ்ஸுன்னு வந்த சத்தம் என்னோடதாம்மா?" என்று மகளிடம் கேட்டார்.